புதன்கிழமை மதியத்தைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய டீன் அம்மா அவர்களுக்கும் நரம்பியல் துறைத் தலைவர் அவர்களுக்கும்,

நரம்பியல் ஓ.பி. வாசலில் போன மாதம் ஓர் அறிவிப்பு ஒட்டினீர்கள். மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை மதியம் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்காக நடந்துவந்த தனி கிளினிக் நிறுத்தப்படுகிறது, இனி அவரவரைப் பார்க்கும் டாக்டர் குழுவின் (யூனிட்) நாளில் பொது ஓ.பி.யில் காட்டிக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதற்குக் கீழேயே, பிசியோதெரபி பிரிவை ஒட்டிய அறையில் சிகிச்சை சாராத கூட்டங்களுக்கு அனுமதி இல்லை என்று இன்னொரு வரி. அந்தக் கூட்டம் நாங்கள்தான். கிளினிக் முடிந்ததும் அந்த அறையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற எம்.எஸ். நோயாளிப் பெண்கள்.

ஆர்.எம்.ஓ. (மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர்) அறைக்குப் போய்க் காரணம் கேட்டோம். அறை காப்பீட்டுத் திட்ட அலுவலகத்துக்கு வேண்டுமாம். எம்.எஸ். நோயாளிகள் கொஞ்சப் பேர்தான், அவர்களுக்கென்று ஒரு மதியத்தை ஒதுக்க டாக்டர்கள் போதவில்லையாம். அப்புறம், பெண்கள் கூடி உட்கார்ந்து ஒருத்திக்கொருத்தி வைத்தியம் சொல்லிக்கொள்வது மருத்துவமனைக்குச் சிக்கலாம். இட நெருக்கடியையும் ஆள் பற்றாக்குறையையும் பேசித் தீர்க்கலாம். கடைசியில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போக எங்களால் முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் மருத்துவமனைப் பெயரையும் எழுதவில்லை. எங்களில் பலர் இன்று நடப்பதே உங்கள் வார்டில் ஏறிய மருந்தால்தான், அதை நாங்கள் மறக்கவில்லை.

நான் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கு நோய் கண்ணில் தொடங்கியது. வலது கண்ணை உருட்டினால் வலித்தது. தேதி முத்திரையின் சிவப்பு மை இடது கண்ணுக்குச் சிவப்பாகவும் வலது கண்ணுக்கு வெளிறிய பழுப்பாகவும் தெரிந்தது. கண்ணாடியை மாற்றினார்கள். கொஞ்ச நாளில் கால் மரத்தது. சர்க்கரை பார்த்தார்கள், பி12 ஊசி போட்டார்கள், "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார். கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பெயர் சொன்னது உங்கள் துறைதான். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிற நோய் என்று அன்று விளக்கினீர்கள். தாக்கிய இடத்தைப் பொறுத்துக் கண், கால், கை, சிறுநீர், நினைவு என்று எதுவும் போகலாம், வரலாம் என்றும் சொன்னீர்கள்.

எவ்வளவு பேருக்கு, யாருக்கு வருகிறது என்பதை நான் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். 2020 இல் பன்னாட்டு எம்.எஸ். கூட்டமைப்பு வெளியிட்ட கணக்குப்படி உலகம் முழுக்க சுமார் 28 லட்சம் பேர். ஆண்களைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் பெண்கள். பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் தொடங்குகிறது. நம் ஊரில் அந்த இருபது வருடத்தில்தான் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், கல்யாணம் நடக்கிறது, பிள்ளை பிறக்கிறது, மாமியார் வீட்டில் அவளுடைய இடம் என்ன என்பது முடிவாகிறது. நோயின் பாதி வீட்டுக்குள் நடக்கிறது. பொது ஓ.பி.யில் அந்தப் பாதியைப் பேச முடியாது.

ஏன் முடியாது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு திங்கள்கிழமை காலை உங்கள் பொது ஓ.பி.யில் நோயாளிகள் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்து பாருங்கள் அம்மா. வலிப்பு, பக்கவாதம், தலைவலி, நடுக்கம் என்று எல்லோரும் ஒரே வரிசை. டாக்டர் மேசையைச் சுற்றிப் பட்டமேற்படிப்பு மாணவர்கள் நான்கு பேர் நிற்பார்கள். அடுத்த டோக்கன்காரர் நம் தோளுக்குப் பின்னால் ஃபைலை நீட்டிக்கொண்டு நிற்பார். அந்த இடத்தில் "யூரின் எப்படிம்மா போகுது?" என்று ஒருவர் உரக்கக் கேட்டால் எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? "நல்லாப் போகுது சார்." அவ்வளவுதான். சீட்டில் அதுதான் பதிவாகும். அடுத்த முறையும் அதையே பார்த்து எழுதுவார்கள்.

நல்லாப் போகவில்லை என்பது எங்கள் அறையில்தான் தெரிய வரும். ஒரு பெண் மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். இரண்டு நாப்கினைச் சேர்த்து வைத்துக்கொண்டு, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வருவாள். அவசரமாக வரும், போய் உட்கார்ந்தால் முழுதாக இறங்காது. சிறுநீர்ப்பை நிறைந்தே இருப்பதால் திரும்பத் திரும்பக் கிருமித் தொற்று. தானே குழாய் போட்டுச் சிறுநீரை வெளியேற்றிக்கொள்ள அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு துண்டுச்சீட்டின் பின்பக்கம் படம் போட்டு ஒரு சிஸ்டர் விளக்கியும் இருந்தார். பாவம், அந்த சிஸ்டருக்கு வார்டில் ஆயிரம் வேலை. வீட்டுக்குப் போனவள் பயந்துபோய்க் குழாய் பாக்கெட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள்.

எங்களில் தையல் வேலை செய்கிற ஓர் அக்கா இருக்கிறார். பல வருடமாகக் குழாய் போட்டுக்கொள்கிறவர். அவர்தான் அந்தப் பெண்ணைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனார். கைப்பையிலிருந்து சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து ஸ்டூலில் சாய்த்து வைத்தார். கையை எப்படிக் கழுவுவது, விரலால் எந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்வது, சொட்டு நின்றதும் அவசரப்பட்டு உருவாமல் கொஞ்சம் கொஞ்சமாக எப்படி இழுப்பது என்று தன் உடம்பிலேயே செய்து காட்டினார். நாங்கள் திரைக்கு இந்தப் பக்கம் காதில் விழாதது மாதிரி சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த மாதம் அந்தப் பெண் கதவைத் திறந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "யக்கா, இன்னிக்கு பஸ்ஸில தண்ணி குடிச்சுட்டே வந்தேன்" என்றாள்.

இது வைத்தியம் சொல்வதா? டாக்டர் எழுதிய சிகிச்சையைத்தானே அந்த அக்கா செய்ய வைத்தார்?

நாங்கள் பேசுவதில் பெரும்பகுதி இந்த மாதிரிதான். ஊசி போடுகிறவர்கள் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஊசியை எங்கே வைப்பது என்று பேசுவோம். ஒருவர் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் சொல்லி, குளிர்பான பாட்டில்களுக்கு நடுவே ஓர் எவர்சில்வர் டப்பாவில் வைத்திருக்கிறார். எம்.எஸ்.ஸுக்கான இன்டர்ஃபெரான் ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் மாதிரி வரும் என்று முன்பே தெரிந்தவள் பயப்படாமல் படுத்துக்கொள்வாள். தெரியாதவள் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுவாள். நோயின் தாக்குதலை அடக்க ஸ்டீராய்டு மருந்து ஒரு கிராம் வீதம் ஐந்து நாள் ஏறும்போது நாக்கெல்லாம் இரும்பு வாசனை அடிக்குமே, அதற்குப் புளிப்பு மிட்டாய் கொண்டுபோ என்பதும் அந்த அறையில் கற்றதுதான். சின்ன விஷயங்கள். இவற்றைச் சொல்ல உங்கள் டாக்டர்களுக்கு நேரமும் இல்லை, அவர்களுக்கு இரும்பு வாசனை அடித்ததும் இல்லை.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே உறை இழந்த நரம்பில் செய்தி தடுமாறும். கண் மங்கும், கால் துவளும். குளிர்ந்தால் பழையபடி ஆகிவிடும். இதை 1890 இலேயே ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். ஜெர்மனியில் அது ஒரு மருத்துவக் குறிப்பு. இங்கே பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் அதுதான் எங்கள் வாழ்க்கை. அடுப்படியில் நின்று இரண்டு தோசை சுடுவதற்குள் கண்ணில் புகை படிகிறது. "நல்லாத்தானே இருக்கா, சோலின்னா மட்டும் கண்ணு தெரியாது" என்ற பேச்சு எங்கள் வீடுகளில் பாதியில் உண்டு. ஈரத்துண்டைப் பிழிந்து கழுத்தில் போட்டுக்கொள், விடிவதற்கு முன் சமையலை முடி, மாத்திரைக்கு முன் மண்பானைத் தண்ணீரைக் குடி என்று சொல்லித் தருவதோடு எங்கள் ஆட்கள் நிற்பதில்லை. தையல்கார அக்கா ஒருமுறை ஒரு மாமியாரையே அறைக்குள் அழைத்துவந்து உட்கார வைத்து, உங்கள் பிசியோதெரபிஸ்ட்டை விட்டு இதை விளக்கச் சொன்னார். அந்த அம்மா கடைசி வரை எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் போகும்போது மருமகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

இதைவிடப் பெரிய ஆபத்து பிள்ளைபெற்ற வீட்டில். எங்கள் பக்கம் பிரசவமான உடம்புக்கு நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைப் பொறுக்கும் சூட்டில் ஊற்றுவார்கள். அன்பாகத்தான் ஊற்றுகிறார்கள். எம்.எஸ். உள்ள பெண்ணுக்கு அந்தக் குளியலோடு கண் இருட்டிக் கால் மடங்கும். கைக்குழந்தையோடு வழுக்குகிற குளியலறையில் இது நடந்தால் என்ன ஆகும்? நோயைப் பற்றி மாமியார் வீட்டில் சொல்லாத பெண்ணாக இருந்தால் வேண்டாம் என்று மறுக்கவும் வாய் வராது. எங்களில் ஒருத்திக்கு இப்படி நடந்தது. அதற்குப் பிறகு கர்ப்பமாக அந்த அறைக்கு வந்த ஒவ்வொருத்தியிடமும் அவளே எழுந்துபோய்ப் பேசினாள். ஐரோப்பாவின் 12 நாடுகளில் 254 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1998 இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி நான் படித்துச் சொன்னேன்: கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் நோயின் தாக்குதல் நன்றாகக் குறைகிறது, பிரசவத்துக்கு அடுத்த மூன்று மாதத்தில் கூடுகிறது. அந்த மூன்று மாதம்தான் பெண் தாய்வீட்டில், மருத்துவமனைக்கு எட்டாமல், வெந்நீருக்கு அடியில் இருக்கிறாள். முதல் மாதமே கூட்டி வாருங்கள் என்று அம்மாக்களிடம் சொல்கிற ஆள் இந்தக் கட்டடத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

பீடி சுற்றுகிற அக்கா ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மடியில் சுளகை வைத்துக்கொண்டு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். அவருக்கு விரல் நுனி மரத்துப்போனது. இலைக்குள் தூள் சரியாக உட்கார்ந்ததா, நூல் இறுகியதா என்று விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்துச் சுற்றினால் பாதி வேகம்தான். வாய் சரியாக மூடாத பீடிகளைக் கடையில் கழித்துவிட்டார்கள். வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இங்கிலாந்தில் செல்லோ என்ற பெரிய வயலின் மாதிரியான வாத்தியம் வாசித்த பெரிய கலைஞர் ஜாக்குலின் டு பிரேக்கும் விரல்தான் முதலில் உணர்விழந்தது. 1973 இல் 28 வயதில் எம்.எஸ். என்று உறுதியாகும் வரை அவருக்கும் மனக்கோளாறு என்றே சொல்லப்பட்டது. அந்தக் கதையை நான் சொன்னபோது பீடி அக்கா, "அவங்களுக்கு யாரு கயிறு கட்டுனா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பிசியோதெரபி பிரிவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அந்த அக்காவுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கலாம் என்பதே தெரியாது. எம்.எஸ். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பட்டியலிடப்பட்ட 21 பாதிப்புகளில் வருகிறது. மாநில அரசு நாள்பட்ட நரம்பியல் பாதிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. ஆனால் எங்கள் நோய் சான்றிதழ் தருகிற மருத்துவக் குழுவுக்கு முன்னால் பல நேரம் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். காலை பத்து மணிக்கு, ஓய்வெடுத்த உடம்போடு பத்து அடி நடக்கச் சொன்னால் நடந்துவிடுவோம். மதியம் மூன்று மணிக்கு அதே ஆள் சுவரைப் பிடிப்பாள். அதை யார் பார்த்தார்கள்? சான்றிதழில் பாதிப்பு 40 சதவீதம் என்று வராவிட்டால் பல சலுகைகள் கிடையாது. கண் பரிசோதனைச் சீட்டு, சிறுநீர் ஸ்கேன், பழைய அட்மிஷன் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி ஃபைல் போட்டுக் கொடுத்தது எங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். குழுவுக்கு முன்னால் பீடி அக்காவுக்கு வாய் அடைத்தபோது ஃபைலைத் திறந்து காட்டியதும் அவர்தான். இப்போது அந்த 2,000 ரூபாய் வருகிறது.

"வைத்தியம் சொல்லிக்கொள்கிறார்கள்" என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அது வெறும் பயமாக இருந்தாலும் நியாயமான பயம். வாட்ஸ்அப்பில் என்னென்ன சுற்றுகிறது என்று எங்களுக்கும் தெரியும். அதனால்தான் எங்களுக்குள் ஆரம்பத்திலேயே ஒரு விதி வைத்தோம். மருந்தை நிறுத்து, மாற்று, கூட்டு என்று யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது. சந்தேகம் வந்தால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். எம்.எஸ்.ஸுக்கு டெரிஃபுளுனமைடு என்ற மாத்திரை சாப்பிடுகிற ஒரு பெண், பிள்ளைக்கு முயற்சி செய்கிறோம் என்று எங்களிடம் சாதாரணமாகச் சொன்னாள். கருவுக்கு ஆகாத மாத்திரை அது. உடம்பை விட்டுப் போகவே தனி மருந்து கொடுக்க வேண்டும். பொது ஓ.பி.யில் அவளைப் பார்த்தவர் "அதே மாத்திரையைத் தொடருங்க" என்று எழுதியிருந்தார். அவர் மேல் தப்பில்லை. அத்தனை ஆண்கள் நடுவே இவள் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. அன்றைக்கே நாங்கள் அவளைக் கையைப் பிடித்து டாக்டர் அறைக்குத் திரும்பக் கூட்டிப் போனோம். இன்னொருத்தி கால் வலுவிழந்து, மறுபடி தாக்குதல் வந்துவிட்டது, ஸ்டீராய்டு போடச் சொல்லுங்கள் என்று அழுதபடி வந்தாள். தையல்கார அக்கா கேட்ட முதல் கேள்வி: "மூத்திரத்தில எரிச்சல் இருக்கா?" இருந்தது. சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினோம். தொற்றுதான். ஸ்டீராய்டு தேவைப்படவில்லை. ஸ்டெம்செல் சிகிச்சையில் எம்.எஸ்.ஐ வேரோடு எடுப்பதாக விளம்பரம் செய்தவர்களை நம்பி நகையை விற்கப் போன குடும்பத்தைத் தடுத்ததும் இந்தக் கூட்டம்தான்.

நாங்கள் சொல்வதை நம்ப வேண்டாம், ஆய்வுகளையாவது பாருங்கள். அமெரிக்காவில் எம்.எஸ். உள்ள ஐந்து பேருக்குப் பயிற்சி கொடுத்து, அதே நோய் உள்ள மற்றவர்களோடு மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேச வைத்தார்கள். முடிவு 1999 இல் வந்தது. ஆதரவு பெற்றவர்களைவிட, கொடுத்த ஐந்து பேருக்குத்தான் தன்னம்பிக்கையிலும் மனநிலையிலும் அதிக முன்னேற்றம். எங்களுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வீட்டில் எல்லோரும் தாங்க வேண்டிய ஆளாக உட்கார்ந்திருக்கிறவள், மாதத்தில் ஒரு மதியம் இன்னொருத்தியைத் தாங்குகிற ஆளாக எழுந்து நிற்கிறாள். இன்னொன்று, 2009 இல் புற்றுநோய் இதழொன்றில் வந்தது. மூளைக் கட்டி, வேறு புற்றுநோய், எம்.எஸ். என்று தீவிர நோய் வந்த 515 பேரின் மணவாழ்க்கையைப் பார்த்திருக்கிறார்கள். நோயாளி ஆணாக இருந்தால் பிரிவோ விவாகரத்தோ 2.9 சதவீதம். பெண்ணாக இருந்தால் 20.8 சதவீதம். அது அமெரிக்கக் கணக்கு. இங்கே கோர்ட் வரை போவது குறைவு. "நாலு மாசம் உங்க அம்மா வீட்டுல இரு" என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள், திரும்ப வரமாட்டார்கள். எந்தக் கணக்கிலும் அது ஏறாது. எங்களில் அப்படி விடப்பட்டவர்கள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் ஃபைலில் அவர்கள் இன்னும் "மணமானவர்" தான்.

உலகத்தில் எம்.எஸ். சங்கங்கள் தொடங்கியதே இப்படித்தான். 1945 மே 1 அன்று சில்வியா லாரி என்ற பெண், தன் சகோதரருக்காக நியூயார்க் டைம்ஸில் வரி விளம்பரம் கொடுத்தார்: இந்த நோயிலிருந்து குணமானவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். எழுதியவர்கள் குணமானவர்கள் அல்ல, அவரைப் போலவே தேடிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் ஒன்று சேர்ந்து 1946 இல் அமைத்த சங்கம்தான் பிறகு ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டியது. இந்தியாவிலும் 1985 முதல் எம்.எஸ். சங்கம் இருக்கிறது, சென்னையில் கிளையும் உண்டு. ஆனால் இரண்டு பஸ் மாறி இங்கே வருகிறவளுக்குச் சென்னை எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொஞ்சப் பேர்தான் என்கிறீர்கள். கொஞ்சப் பேர் என்பதால்தான் ஒரே நாள் வேண்டும் என்கிறோம். யூனிட் வாரியாகப் பிரித்துவிட்டால் எங்களில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்கவே வழியில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அடையாளம் தெரியாது, வெளியே தெரிகிற நோய் இல்லையே இது. மருத்துவ ரீதியாகவும் இழப்பு இருக்கிறது. துறைத் தலைவர் ஐயாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எம்.எஸ். போலவே தோன்றும் என்.எம்.ஓ. (நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா) நோய்க்கு வைத்தியமே வேறு, எம்.எஸ்.ஸுக்குப் போடுகிற இன்டர்ஃபெரான் அதை மோசமாக்கும். எங்களில் ஒருத்திக்கு என்.எம்.ஓ.வைக் காட்டித்தரும் அக்குவாபோரின் ரத்தப் பரிசோதனை எழுதி நோயைப் பிரித்துக் கண்டுபிடித்தவர் புதன்கிழமை கிளினிக்கில் அவளைத் தொடர்ந்து பார்த்துவந்த டாக்டர். மாதம் ஒரு புது முகம் பார்த்திருந்தால் இது நடந்திருக்குமா?

ஆண் நோயாளிகளை விட்டுவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். புதன்கிழமை கிளினிக் அவர்களுக்கும் சேர்த்துத்தான். நாங்கள் உள்ளே பேசும்போது அவர்களும், எங்களைக் கூட்டிவந்த கணவர்மார்களும் சைக்கிள் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். இப்போது டீ வாங்கிவந்து அவர்களும் ஒரு கூட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு இதுவரை யாரும் தடை போடவில்லை.

சட்டத்தையும் ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25 ஆவது பிரிவு, மருத்துவமனையின் எல்லாப் பகுதிகளுக்கும் தடையின்றிப் போய்வரும் வசதியையும், மருத்துவர் பார்ப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமையையும் மாற்றுத்திறனாளிகளுக்கு அளிக்கச் சொல்கிறது. கடந்த முறை பொது ஓ.பி.யில் எங்களில் ஒருத்தி டோக்கன் வரிசையில் வெயிலில் நின்று மயங்கி உட்கார்ந்தாள். அந்தத் தளத்தில் பெண்கள் கழிப்பறையில் இருப்பது தரையோடு பதித்த கோப்பை ஒன்றுதான். பிடித்து எழக் கம்பியும் இல்லை.

நாங்கள் கேட்பது இதுதான். இரண்டாவது புதன்கிழமை மதியக் கிளினிக்கை மறுபடி தொடங்குங்கள். நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கிற மாதிரி குறைந்தது ஒரு மூத்த மருத்துவரை அதற்கென்று நியமியுங்கள். பழைய அறை காப்பீட்டு அலுவலகத்துக்குத்தான் வேண்டுமென்றால் கொடுத்துவிடுங்கள், நாங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. மாணவர் வகுப்பு முடிந்து காலியாகக் கிடக்கிற தரைத்தள அறை ஒன்றை அன்று இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை கொடுத்தால் போதும். மின்விசிறி, ஒரு திரை, பூட்டுகிற கதவு, பக்கத்திலேயே கம்பி வைத்த வெஸ்டர்ன் கழிப்பறை இருக்க வேண்டும். நாங்கள் பேசுவதில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் எங்களைத் தடுக்காதீர்கள், ஆள் அனுப்புங்கள்: ஒரு ஸ்டாஃப் நர்ஸும் ஒரு மருத்துவ சமூகப் பணியாளரும் அன்றைக்கு எங்களோடு உட்காரட்டும். சிறுநீர்க் குழாய் போடப் பயிற்சி தேவைப்படும் பெண்களுக்கு அந்த நர்ஸ் முன்னிலையில், தையல்கார அக்கா மாதிரி அனுபவமுள்ளவர்களே சொல்லிக்கொடுக்க முறையாக அனுமதி கொடுங்கள். எம்.எஸ். உள்ள கர்ப்பிணிகளை மகப்பேறு பிரிவிலிருந்து நேராக இந்தக் கிளினிக்குக்கு அனுப்ப ஓர் உத்தரவு போடுங்கள், பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மாதத்திலும் சேர்த்து. பொது ஓ.பி.யில் காட்ட நேர்கிற நாட்களில் அடையாள அட்டை உள்ளவர்களுக்கு வரிசையில் முன்னுரிமை என்று டோக்கன் கவுண்டரில் எழுதி வையுங்கள்.

கத்திரி வெயில் தொடங்கப் போகிறது. அதற்குள், மே மாத இரண்டாவது புதன்கிழமைக்கு முன்னால், எங்களுக்கு எழுத்தில் பதில் வேண்டும். எங்களில் ஐந்து பேர் உங்களை நேரில் சந்திக்க நேரம் கேட்டு நேற்று உங்கள் அலுவலகத்தில் கடிதம் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். அந்தச் சந்திப்புக்குத் துறைத் தலைவரும் வர வேண்டும் என்று கேட்கிறோம். பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுப்போம். மனுவை ஆசிரியை எழுதி முடித்துவிட்டார். எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. விரல் மரத்தவர்கள் மட்டும் கைநாட்டு வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
இரண்டாவது புதன்கிழமை கூடும் எம்.எஸ். நோயாளிப் பெண்களுக்காக,
ஒரு கிளை நூலகர்